தேர்வுக் கட்டணத்தை யார் கட்டுவது?

பெங்களூருவில் எனக்குத் தெரிந்த ஐடி நண்பர்கள் பலருடைய அப்ரைசல் (ஆண்டுப் பணி மதிப்பீடு) இலக்குகளில் இந்த ஆண்டும் அதே வரி இருக்கிறது: "குறைந்தது ஒரு கிளவுட் சான்றிதழ்." கிளவுட் என்பது சொந்த சர்வர் வைக்காமல் இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி; அதை இயக்கத் தெரியும் என்று தேர்வெழுதிப் பெறுவது இந்தச் சான்றிதழ். வரி வந்த மறுவாரமே, "அக்கா, எந்தத் தேர்வு எழுதலாம்?" என்று உள்பெட்டி நிறைந்துவிடுகிறது. எந்தத் தேர்வு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இதற்கு யார் பணம் கட்டப்போகிறார்கள் என்று உங்கள் மேலாளரிடம் கேட்டீர்களா?

சான்றிதழே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. சர்வர் அறையில் குளிரில் நின்று பேக்கப் (தரவு நகல்) டேப் மாற்றிய காலத்திலிருந்து கிளவுடுக்கு நான் மாறியதற்கு அந்தப் பாடத்திட்டங்கள்தான் கைகொடுத்தன. எதை முதலில் படிப்பது, எதை விடுவது என்ற வரிசை அவற்றில் கிடைத்தது. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் தேவையை ஊழியரின் சொந்த முன்னேற்றம் என்று பெயர் மாற்றி, அந்தச் செலவை ஊழியரின் தலையில் கட்டுகிறார்கள்.

விஷயம் இதுதான். பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் சேவையை அமைத்துத் தரும் ஐடி நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, தரம் பிரித்து வைத்திருக்கின்றன. அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸில் செலக்ட், அட்வான்ஸ்டு, பிரீமியர் என்று படிகள். மேல்படி ஏற வேண்டுமானால் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. படி ஏறினால் சலுகையும் பெயரும் புது வாடிக்கையாளரும் வருவது நிறுவனத்துக்கு. கணக்கில் எண்ணப்படுவது உங்கள் தலை. காலாண்டு முடியும் நேரத்தில் திடீரென்று எல்லோரையும் தேர்வுக்கு விரட்டுகிறார்கள் என்றால், உங்கள் அறிவுப் பசியை நினைத்து மட்டும் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏடபிள்யூஎஸ் அசோசியேட் நிலைத் தேர்வுக்கு 150 டாலர். வரியோடு சேர்த்தால் 12,000 ரூபாயைத் தாண்டும். பிடிஎம் லேஅவுட்டில் பிஜி விடுதியில் தங்கியிருக்கும் புதுப் பட்டதாரிக்கு அது ஒரு மாத வாடகை. தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணம். தேறாவிட்டால் 14 நாள் காத்திருந்து மறுபடி முழுக் கட்டணம். "முதலில் நீங்கள் கட்டுங்கள், தேறினால் திருப்பித் தருகிறோம்" என்பது பல இடங்களில் வழக்கம். தோற்கும் அபாயம் முழுவதும் யாருடையது என்று பாருங்கள்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். நேரத்துக்கு யார் பொறுப்பு? "வார இறுதியில் படித்துவிடுங்கள்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நிறுவனப் பேருந்தில் வரும் பெண்களைக் கேளுங்கள். அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்து நிற்கும் நேரம்தான் அவர்களுடைய படிப்பு நேரம். காதில் பாடம், மடியில் சாப்பாட்டுப் பை. சனி, ஞாயிறு என்றால் துணி, மாவு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரின் மருத்துவர் சந்திப்பு. அதே அணியில் இருக்கும் கல்யாணமாகாத பையன் இரண்டு வாரத்தில் முடிக்கிறான், இந்தப் பெண் நான்கு மாதம் எடுக்கிறாள். அப்ரைசலில் அவனுக்கு "கற்கும் ஆர்வம் மிக்கவர்". அவளுக்கு ஒன்றும் இல்லை. வேலைக்கான படிப்பு வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம் என்பதும் கேட்பதற்குத்தான் சுகம். அறையின் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மேசையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது. கேமராவில் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் குழந்தை கதவைத் திறந்து உள்ளே வந்தால் தேர்வே ரத்தாகலாம். கேள்வியை வாய்விட்டுப் படிக்கவும் கூடாது. பள்ளியில் பாட்டாகச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு, உதட்டைக்கூட அசைக்காமல் 65 கேள்விகளை 130 நிமிடம் படிப்பது தனிச் சித்திரவதை. ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு என்றால் தேர்வு மையத்துக்கே போய்விடுங்கள்.

சரி, எதை எழுதுவது? என் விருப்பம், கையால் செய்துகாட்டச் சொல்லும் தேர்வுகள். பல சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி மேற்பார்க்கும் குபர்நெட்டிஸ் என்ற கருவியின் நிர்வாகிகளுக்கான சிகேஏ ஒன்று, லினக்ஸ் இயங்குதள நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ ஒன்று. சிகேஏவில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு நோட் (கூட்டமாக இயங்கும் சர்வர்களில் ஒன்று) செத்துக் கிடக்கிறது, எழுப்பு என்கிறார்கள். அதிகாரபூர்வ ஆவணங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எங்கே தேடுவது என்று தெரியாதவனுக்கு அதனால் பயனில்லை. இரண்டு மணி நேரம், தேற 66 சதவீதம். கட்டணம் அதிகம், என்றாலும் அதற்குள்ளேயே ஒரு மறுவாய்ப்பும் அடக்கம். டம்ப், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-விடைத் தொகுப்பு, வாங்கி மனப்பாடம் செய்து இதைத் தாண்டுவது கடினம்.

டம்ப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நேர்காணல் எடுப்பவள் என்ற முறையில் ஒன்று மட்டும். நான் வழக்கமாகக் கேட்பது: வெளியுலகத் தொடர்பில்லாத சப்நெட்டில் (வலையமைப்பின் ஒரு பகுதி) ஒரு சர்வர், அதற்கு இணையத்திலிருந்து அப்டேட் வர வேண்டும், என்ன செய்வீர்கள்? "நேட் கேட்வே" என்று எல்லோரும் பட்டென்று சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் சர்வர் இணையத்துக்குப் போகும் வாசல் அது. அதே சர்வர் தினமும் ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்புக் கிடங்கான எஸ்3-க்கு பேக்கப் அனுப்புகிறது, மாதக் கடைசியில் பில் எகிறிவிட்டது, ஏன் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். நேட் கேட்வே சும்மா இருந்தாலும் மணிக்குக் கட்டணம், அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயின்ட் என்ற நேர்வழி வைத்தால் அதற்குக் கூடுதல் கட்டணமே இல்லை. ஒரு பில்லையாவது உட்கார்ந்து படித்தவருக்கு இது தெரியும். சான்றிதழ் இல்லாத ஒரு பெண் இதைச் சொன்னாள், எடுத்துக்கொண்டோம்.

புதிதாக வருவதையெல்லாம் துரத்தவும் வேண்டாம். அலெக்ஸாவுக்கென்று ஏடபிள்யூஎஸ் 2019-இல் கொண்டுவந்த சான்றிதழை 2021 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஒரு காலத்தில் ஊரெல்லாம் பலகை வைத்துச் சொல்லிக்கொடுத்த எம்சிஎஸ்இ சான்றிதழையும் மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு முடித்துக்கொண்டது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ்கள் வரிசையாக வருகின்றன. நெட்வொர்க்கும் லினக்ஸும் தெரிந்தவர்கள் அவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ 1998-இல் வந்தது, இன்றும் இருக்கிறது.

இலக்கில் அந்த வரி இருந்தால் வாய்மொழியாகப் பேசாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டணத்தை முன்கூட்டியே நிறுவனம் செலுத்த வேண்டும், வாரத்தில் அரை நாள் படிப்பதற்கு, தேர்வு நாளுக்கு விடுப்பு. கட்டணம் தருகிறோம், ஆனால் ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன், மாதம் செல்லச் செல்ல அந்தத் தொகை குறைகிறதா, நிறுவனமே வேலையைவிட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். என் குழுவில் இப்படிக் கேட்டவர்களுக்குக் கட்டணம் கிடைத்துவிட்டது. அரை நாள்தான் இன்னும் இழுபறியில் இருக்கிறது.