மடை எங்கே என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

திருநெல்வேலியின் நெல்லைக் கால்வாய்த் திட்டத்துக்காகச் சனிக்கிழமை நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான்கு நாள் பொறுத்திருந்தேன். "அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம்" என்று ஒரு தம்பி எழுதியதையும், அதற்கு எனக்குத் தெரிந்தவர்களே விருப்பக்குறி இட்டிருந்ததையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

திரையில் காட்டிய படம் அழகானதுதான். நெல்லைக் கால்வாயின் இரு கரையிலும் நடைபாதை, மிதிவண்டித் தடம், வரிசையாக மரங்கள், நடுவே தெளிந்த தண்ணீர். செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் வரைந்து தந்தது என்றார் திட்ட ஆலோசகர். அந்தக் கால்வாய் முழுவதிலும் ஒரு மடைகூட இல்லை. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து வரும் தண்ணீர் நயினார்குளத்துக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று கேட்டேன். "அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அரங்கம் சிரித்தது.

பிறகு பார்ப்பதற்கு அது திண்ணைக்குப் பூசும் வண்ணம் அல்ல. தண்ணீர் போகும் வழியை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றை வரைய வேண்டும். படம் வரையும் மென்பொருளுக்கு நில மட்டம் தெரியாது. தனக்குப் பயிற்சியாகத் தந்த கோடிக்கணக்கான படங்களின் சாயலில் அது புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. அவற்றில் நம் ஊர்க் கால்வாய்கள் எத்தனை இருந்திருக்கும்? மழை எவ்வளவு பெய்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்பதைச் சொல்ல, நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் கால்வாயின் கொள்ளளவையும் வைத்துப் போடும் நீரியல் கணக்கு வேண்டும். இந்தப் படத்துக்குப் பின்னால் அப்படி ஒரு கணக்கும் இல்லை.

என் தாத்தாவுக்குப் பேட்டைப் பக்கம் வயல் இருந்தது. மண்வெட்டியை இறக்குவதற்கு முன் அவர் ஒரு வேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் போடுவார். அது எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்த பிறகுதான் வரப்பை வெட்டுவார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். அவர் செய்த அந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் ஒரு நகரத்துக்கு எப்படித் திட்டம் போடுகிறார்கள்?

அது வெறும் கற்பனைப் படம், மக்களுக்கு ஆர்வம் வரத்தானே காட்டினார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியானால் அதைத் திட்ட வரைவு என்று ஏன் சொன்னார்கள்? ஊழியர் பற்றாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவு உதவும் என்பது உண்மை, மறுக்கவில்லை. நானே தினமும் மனுக்களைச் சுருக்கவும் அரசாணைகளைப் புரிந்துகொள்ளவும் இதைப் பயன்படுத்துகிறேன். இல்லாத பிரிவு எண்ணை இருப்பதுபோல் எழுதித் தந்ததால், இப்போதெல்லாம் மூலத்தோடு ஒப்பிடாமல் எதையும் அனுப்புவதில்லை. புல வரைபடத்தையும் கால்வாய் மட்டங்களையும் வெள்ளத் தடங்களையும் கொடுங்கள். நீரியல் கணக்கைப் பொறியாளர் போடட்டும். அதன் முடிவை மேலப்பாளையத்துக்காரருக்கும் புரியும் தமிழில் அந்தக் கருவி எழுதட்டும். அதைத்தான் அன்றும் சொல்ல வந்தேன். சொல்லி முடிக்க விடவில்லை.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் அதற்குள் மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகமும் தண்ணீரில் நின்றன. சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர், ஆச்சியின் மரப்பெட்டியை அடுக்களை வரை மிதக்கவிட்டது. அதிலிருந்த அவளுடைய கல்யாணச் சேலை சேறாகிக் கிழிந்ததைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டு அகலவில்லை. அதைப் பார்த்தவன்தான் மடை எங்கே என்று கேட்டேன். அதற்குத்தான் சிரித்தீர்கள்.

சுவரில் அந்தச் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதும் அதை அழிக்க மனம் வரவில்லை. தரையிலிருந்து நான்கடி மூன்று அங்குலம். எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் இப்படிக் கோடு உண்டு. இதுவரை ஒருவரும் வந்து அளக்கவில்லை. அந்த ஆலோசகர் எந்த நாளில் வந்தாலும் வீடு வீடாக நானே கூட்டிப்போகிறேன்; அளவு நாடாவும் என்னிடம் இருக்கிறது.