ஜெனரேற்றரைச் சும்மா ஓட விட்டால் போதுமா?

"ஆஸ்பத்திரி ஜெனரேற்றரை மாதம் ஒருமுறை லோட் கொடுக்காமல் பத்து நிமிடம் ஓட விட்டால் போதும், லோட் கொடுத்தால் எஞ்சின் தேயும்" என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பிழை.

லோட், அதாவது கரண்ட் இழுக்கும் கருவிகள், இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் போதிய அளவு சூடாகாது. சரியாக எரியாத டீசல் கரியோடு சேர்ந்து புகைக்குழாயில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். ஆறிய பிறகு குழாய் இணையும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள், துணியில் தெரியும். இப்படியே விட்டால் எஞ்சினின் வலு குறைந்துவிடும். அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் அவசர மின்சாரத்துக்கு வகுத்த என்எஃப்பிஏ 110 விதி, மாதாமாதம் குறைந்தது 30 நிமிடம், முழுத் திறனில் 30 சதவீத லோடாவது கொடுத்து ஓட்டச் சொல்கிறது.

அப்புறம் பற்றரி. ஜெனரேற்றர் ஸ்டார்ட் ஆகாமல் போக அடிக்கடி காரணம் அதுதான். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் கரண்ட் போனதே, அப்படியொரு நாளில் வென்டிலேட்டரில் இருப்பவரால் காத்திருக்க முடியாது. பற்றரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் இன்றே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.