பால் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசுங்கள்

"அம்மா சம்மதிக்க மாட்டேங்கறாங்க." கோபி, அந்தியூர், தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் மேற்படிப்பு என்று பேச்செடுத்தால் அடுத்து வரும் வார்த்தை இதுதான். பெரும்பாலான வீடுகளில் எதற்குச் சம்மதிக்க வேண்டும் என்பதையே அம்மாவிடம் யாரும் முழுசாகச் சொல்வதில்லை என்பது என் கருத்து. "டேட்டா சயின்ஸ் போறேன்", "ரிசர்ச் பண்றேன்" என்று ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் செல்போனோடு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எந்த மாசம் பணம் கட்டணும், எவ்வளவு, எந்த ஊர்ல தங்கணும், எப்ப முடியும். அவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இதற்குப் பதில் இல்லாத ஆசைக்கு எந்த அம்மாவும் சரி என்று சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது.

நம் தோட்ட வீடுகளில் மஞ்சளோ தேங்காயோ விற்கும் பணம் அப்பா கைக்கு வந்து உரக்கடைக்கும் சொசைட்டிக் கடனுக்கும் போய்விடும். மாசச் செலவு ஓடுவது பால் பணத்தில். அது அம்மா பால் நோட்டில் எழுதி வைக்கும் கணக்கு. பிள்ளையின் பஸ் பாஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது. அதனால் மேற்படிப்புப் பேச்சை அந்த நோட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆவின் சங்கத்தில் பசும்பாலுக்கு 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் அதன் மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. 35 ரூபாய் என்பதும் கொழுப்பு 4.3, இதரச் சத்து 8.2 சதவீதம் இருக்கும் பாலுக்குத்தான். கலப்பின மாட்டுப் பால் கொஞ்சம் நீர்த்துப் போனாலே விலை இறங்கும். ஊக்கத்தொகையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்போம். காலை மாலை சேர்த்து 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு 350, மாசம் 10,500 ரூபாய். கலப்புத் தீவனம், புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு, வைத்தியம் போகப் பாதி மிஞ்சினால் நல்ல மாசம். அதாவது ஒரு மாட்டுக்கு ஐயாயிரம். அதுவும் வருஷத்தில் பத்து மாசம்தான். கன்று போடுவதற்கு முந்தைய 60 நாள் கறவையை வற்ற வைத்தாக வேண்டும்.

இங்கேதான் அம்மாவின் அறிவு பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. கல்லூரிப் பணம் கட்டும் காலம் வருஷத்தில் இரண்டு: ஆனி-ஆடியில் ஒன்று, மார்கழி-தையில் ஒன்று. மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று போட்டு ஒன்றரை இரண்டு மாசத்தில் கறவை உச்சத்துக்கு வரும். ஆடியில் சினை ஊசி போட்ட மாடு சித்திரையில் ஈன்று, ஆனியில் நன்றாகக் கறக்கும். தையில் போட்டது ஐப்பசியில் ஈன்று மார்கழிக்குக் கை கொடுக்கும். இரண்டு மாடு இருக்கும் வீட்டில் இரண்டையும் இப்படி மாற்றி நிறுத்தினால் இரண்டு செமஸ்டருக்கும் பணம் ஓடும். கட்டுத்தறியில் எத்தனையோ அம்மாக்கள் இதைப் பேசாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கணக்கு தப்புவது எங்கே? மாடு சினைக்கு வரும் பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் ஆகும். இரண்டு தரம் தவறினால் ஒன்றரை மாசம் தள்ளிப் போய், பணம் கட்டும் மாசத்தில் மாடு வற்றி நிற்கும். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. சித்திரை, வைகாசி வெயிலில் பருவ அறிகுறி மங்கும், சினையும் சரியாகப் பிடிக்காது. லீவில் வீட்டில் இருக்கும் பிள்ளை காலண்டரில் இந்தத் தேதிகளைக் குறித்து வைத்தாலே அம்மாவுக்குப் பெரிய உதவி. அப்படிக் குறிக்கும் பிள்ளை மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது அம்மா காது கொடுத்துக் கேட்பார்.

இனி பிள்ளையின் பக்கக் கணக்கு. பி.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஆசை. அதற்கு ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பதே நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பலருக்குக் கடைசி வருஷம் பொங்கலுக்கு மேல்தான் தெரிய வருகிறது. அதற்குள் விண்ணப்பம் முடிந்து மாசக்கணக்கில் ஆகியிருக்கும். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். தேர்வு பிப்ரவரியில். கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். கோவையிலேயே எழுதலாம். பெண்களுக்குக் கட்டணம் பாதி. 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதி ஒரு விடை தேர்ந்தெடுக்கும் 30 கேள்வி, 50 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விக்கு 20 மதிப்பெண். எண்ணையே விடையாக எழுதும் 20 கேள்விக்கு 30. இந்த இரண்டு பகுதியிலும் கழிவு கிடையாது. நம் பிள்ளைகள் தோற்பது முதல் பகுதியில் ஊகித்துப் போட்டும், கழிவே இல்லாத கடைசிப் பகுதியை நேரமில்லாமல் விட்டும். அதோடு செமஸ்டர் தேர்வுக்குத் தேற்றத்தை மனப்பாடம் பண்ணிய பழக்கம் இங்கே உதவாது. ரியல் அனாலிசிஸும் லீனியர் அல்ஜிப்ராவும் இரண்டாம் வருஷத்திலேயே கணக்குப் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

அம்மாவின் ஆசை என்னவாக இருக்கும்? "ஒரு கவர்மென்ட் வேலை வாங்கிட்டா போதும் கண்ணு." இதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் சுளிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும், கல்லூரியில் இருக்கும்போதே எழுதலாம். 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதி 100 கேள்வி, அதில் 150க்கு 60 எடுத்தால்தான் மற்றப் பகுதியைத் திருத்துவார்கள். மீதி நூறில் 25 கேள்வி கணக்கும் அறிவுக்கூர்மையும். கணிதம் படிக்கும் பெண்ணுக்கு அது கையில் இருக்கும் மதிப்பெண். ஜாமுக்குப் படிப்பதும் குரூப் 4 எழுதுவதும் ஒன்றையொன்று கெடுக்காது. அம்மா சொன்னதையும் எழுதுகிறேன் என்று தொடங்கும் பெண்ணுக்கு வீட்டில் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். அது நடிப்பாக இருக்கக் கூடாது, உண்மையாகவே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பொறியியல் பிள்ளைகள் எம்.டெக். என்று மொட்டையாகச் சொல்லாமல் அதற்கான கேட் தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள். தேறி அந்த மதிப்பெண்ணிலேயே முழுநேரப் படிப்பில் இடம் பிடித்தால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மதிப்பெண் 3 வருஷம் செல்லும். மூன்றாம் வருஷத்திலேயே எழுதிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: உதவித்தொகைக்கு அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கோ ஜன்தன் கணக்கோ ஆகாது. பிள்ளை பேரில் தனி சேமிப்புக் கணக்கு வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாசம் 1000 ரூபாய். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் தொடங்கியதே கோவையில்தான். பணம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை. பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்த ஆயிரத்தை ரீசார்ஜுக்கு விடாமல் விண்ணப்பக் கட்டணத்துக்கும் பழைய வினாத்தாள் புத்தகத்துக்கும் ஒதுக்குங்கள்.

கல்விக் கடன் என்றதும் அம்மாக்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை தோட்டத்துப் பத்திரம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஓடும், தனிவட்டியாக. 4 லட்சமும் வாங்கி முடித்த நிலையில் 10 சதவீதம் என்றால் வருஷம் 40,000, மாசம் 3,300 சொச்சம். மேலே சொன்ன ஒரு மாட்டின் மிச்சத்துக்குள் அடங்கும் தொகை. அதை அப்போதைக்கப்போது கட்டிவிட்டால் முதல் மட்டும்தான் மிஞ்சும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புகளுக்கு அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும். அதற்குரிய வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கடன் நிற்பது பெரும்பாலும் வேறு இடத்தில். அம்மாவோ அப்பாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். மகளிர் குழுக் கடனோ, வாராவாரம் வசூலிக்கும் நுண்கடனோ தவணை தவறியிருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் மதிப்பெண் விழுந்து விண்ணப்பம் அங்கேயே அடிபடும். குழுவில் வேறொருத்தர் கட்டாததற்கும் இவர் பேரில் பாக்கி நிற்கலாம். வங்கிக்குப் போவதற்கு ஆறு மாசம் முன்பே சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்து, பாக்கியை அடைத்து, முடித்த சான்று வாங்கி வையுங்கள்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கோர்ஸ் என்று குலதெய்வக் கோயிலில் பூக் கேட்காத வீடு நம் பக்கம் குறைவு. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவன்மலை முருகன் கோயிலில், பக்தரின் கனவில் வந்த பொருளை வைத்துக் காட்டும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் எந்தப் பொருளை வைப்பது என்பதையே பூப் போட்டுத்தான் உறுதி செய்கிறார்கள் என்னும்போது, அந்த வழக்கத்தின் ஆழம் புரியும். அதை நான் மதிக்கிறேன். எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குக் கருத்து. தேர்வு, தேதி, பணம், ஊர் எல்லாம் விசாரித்து, இரண்டு வழியும் பிள்ளையால் முடியக்கூடியது என்று தெரிந்த பிறகு பூப் போடுங்கள். எதுவும் விசாரிக்காமல் போட்டால், பிறகு பிள்ளை ஒரு பேப்பரில் அரியர் வைக்கும்போது பழி சாமி மேல் விழுகிறது. அது பக்திக்கும் நல்லதில்லை.

"எம் பையனுக்கு சீட்டு கெடச்சா குண்டம் எறங்கறேன்" என்று பண்ணாரி மாரியம்மன் கோயிலில் தீமிதிக்க வேண்டிக்கொண்ட அம்மா அதைச் செய்தே தீருவார். பிள்ளை அதைத் தடுத்துப் பேசுவதைவிட, பங்குனியில் அந்த அதிகாலை கூட நிற்பது மேல். பிள்ளைகளே விரதம் இருந்து பழனிக்கு நடப்பதும் நல்லதுதான். கோவையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். இருட்டில் 3, 4 மணிக்குக் கிளம்பி 9, 10 மணிக்கு நிறுத்தி, வெயில் தாழ்ந்து மறுபடி நடந்தால் கால் கொப்பளிக்காது. பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலதுபுறம் நடக்க வேண்டும். தைப்பூச நடை செமஸ்டர் தொடக்கத்தில் வருவதால் பெரிய இழப்பில்லை. கொடுமுடித் தீர்த்தம் எடுத்துப் போகும் பங்குனி உத்திரம்தான் இன்டர்னலோடும் ப்ராஜெக்ட் ரிவ்யூவோடும் மோதும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீத வருகைக்கு 22 நாள்தான் விட முடியும். காய்ச்சலுக்கு ஒரு பத்து நாளை முதலிலேயே தள்ளி வைத்துவிட்டு, மீதியில் நடைக்கும் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முருகன்-வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிக்கும் இதே கணக்குத்தான். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வளர்த்த கலை, அவருக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அம்மாவும் மகளும் ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரப் பயிற்சியைப் படிப்புக்காக நிறுத்தச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். பயிற்சி ராத்திரியில், அரங்கேற்றமும் நோம்பியும் பெரும்பாலும் மாசியிலிருந்து சித்திரை வரை. வேலைவாய்ப்பு நேர்காணல்கள் ஆடி, ஆவணியில் தொடங்கும். ஜாம் எழுதும் வருஷம் மட்டும் தையில் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் போதும்.

கடைசியாக, பெண் பிள்ளைகளுக்கு. மூன்றாம் வருஷம் தொடங்கியதும் ஜாதகம் கேட்டு ஆள் வருவார்கள். அப்பா தட்டிச் சொல்லத் தயங்குவார், மாமா "நல்ல எடமுங்க" என்பார். ஜாதகத்தை வெளியே கொடுக்காமல் இரண்டு வருஷம் வைத்திருக்க வீட்டில் அம்மா ஒருவரால்தான் முடியும். அதற்கு அவருக்கு, கேட்கிறவர்களிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும். "படிக்கோணுங்கறா" என்பது பத்தாது. "ஐ.ஐ.டி.ல எடம் கெடச்சிருக்குதுங்க, ரெண்டு வருசம், மே மாசத்தோட முடியுது, அதுக்கப்பறம் பேசலாமுங்க" என்று இடம், காலம், முடிவு மூன்றும் இருக்கிற பதிலை அவருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இரண்டாம் வருஷ லீவில், சாயங்காலக் கறவை முடிந்து பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு உட்கார்ந்து பேசினால் அதற்கு நேரம் இருக்கிறது.