சபதம் செய்த மாஜினி, ஆட்சி செய்த மாஜினி

பாரதியைப் படித்த வீடுகளில் மாஜினி என்பது அந்நியப் பெயரல்ல. இத்தாலியின் விடுதலைக்காக அவர் தொடங்கிய சங்கத்தில் சேர்பவர்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழியைப் பாரதி தமிழ்க் கவிதையாக்கியிருக்கிறார். பள்ளி நாட்களில் அதை உரக்கப் படித்து உடல் சிலிர்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சபதம் செய்த அந்த மனிதர் கையில் ஒருமுறை ஆட்சியும் வந்தது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெகுகாலம் கழித்து நானாகத் தேடிப் படித்தேன். அன்று முதல் 1849ஆம் ஆண்டின் ரோம் என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது ரோம் போப்பாண்டவரின் அரசாட்சியில் இருந்தது. 1848 நவம்பரில் அவருடைய அமைச்சர் ரோசி குத்திக் கொல்லப்பட்டார். சில நாட்களில் போப் ஒன்பதாம் பத்திநாதர் சாதாரண குருவைப் போல வேடமிட்டு, நேப்பிள்ஸ் அரசருக்குச் சொந்தமான கயேத்தாவுக்குத் தப்பிச் சென்றார். ஜனவரியில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்து தேர்தல் நடந்தது. 1849 பிப்ரவரி 9 அன்று பேரவை குடியரசை அறிவித்தது. போப்பின் அரசதிகாரம் முடிந்தது, அவருடைய சமய அதிகாரத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அதே அறிவிப்பு சொன்னது. மார்ச் 29 அன்று மாஜினி, சாஃபி, அர்மெல்லினி ஆகிய மூவரிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது.

அதன் பிறகு அவர்களுக்குக் கிடைத்தது மூன்றே மாதம். அதிலும் நிம்மதியாக ஆண்டது ஒரு மாதம்கூட இல்லை.

அந்தச் சிறிய இடைவெளியில் செய்ததைப் பாருங்கள். திருச்சபைக்கு மாறான கருத்துடையோரைத் தண்டித்த மத விசாரணை மன்றத்தை மூடினார்கள். அதன் கட்டடத்தில் ஏழைக் குடும்பங்களைக் குடியமர்த்த ஆணையிட்டார்கள். திருச்சபை நிலங்களை ஏழை உழவர்களுக்குப் பங்கிட ஆணை பிறப்பித்தார்கள். எந்த மதத்தை நம்பினாலும் குடியுரிமை ஒன்றே என்றார்கள்; யூதர்களுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. தடுப்பரண் கட்டுவதற்காகக் தேவாலயங்களிலிருந்து, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் கூண்டுகளை மக்கள் தெருவுக்கு இழுத்து வந்தபோது, அவற்றைத் திருப்பி வைத்துவிடுங்கள், உங்கள் தாய்மார்கள் அங்கேதான் ஆறுதல் பெற்றார்கள் என்று மாஜினி கேட்டுக்கொண்டார். போப்பை எதிர்த்தவர் சொன்ன சொல் இது. எனக்கு அவர் மீதிருந்த மதிப்பு இரட்டிப்பானது இந்த இடத்தில்தான்.

கறையே இல்லாத ஆட்சி என்று சொல்ல மாட்டேன். சாம்பியாங்கி என்ற அதிகாரியின் ஆட்கள் குருமார்களைக் கொன்றார்கள். அது கொலைதான், அதற்கு நியாயம் தேட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது அரசின் கொள்கையாக இருக்கவில்லை. அங்கோனா நகரில் அரசியல் கொலைகள் பெருகியபோது அவற்றை அடக்க ஒர்சினி என்பவரை அனுப்பியவரும் மாஜினிதான்.

இந்த அரசைக் கொல்ல வந்தது யார்? இன்னொரு குடியரசு. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். 1848ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு, எந்த மக்களின் சுதந்திரத்துக்கும் எதிராகப் பிரான்ஸ் தன் படையை ஒருபோதும் பயன்படுத்தாது என்று எழுதி வைத்திருந்தது. மை காய்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜெனரல் ஊதினோ ஏப்ரல் இறுதியில் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் படையோடு வந்து இறங்கினார். அனுப்பிய அதிபர் லூயி நெப்போலியன், 1831இல் இதே போப்பாட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்திருந்தவர். இப்போது அவருக்குப் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களின் ஆதரவு தேவைப்பட்டது. இத்தாலியில் ஆஸ்திரியாவின் கை ஓங்கிவிடக்கூடாது என்ற கணக்கும் இருந்தது.

இத்தாலியர்கள் சண்டையிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு வந்தார் ஊதினோ. அவர் படை தேடிப்போன நகரவாயில்களில் ஒன்று எப்போதோ சுவர் வைத்து அடைக்கப்பட்டிருந்தது! ஏப்ரல் 30 அன்று குடியரசுக்காகப் போரிட்ட தளபதி கரிபால்டியின் வீரர்கள் அந்தப் படையை விரட்டி அடித்து, நூற்றுக்கணக்கானோரைச் சிறைப்பிடித்தார்கள். மாஜினி அவர்களை விடுதலை செய்து அனுப்பினார். துரத்திப்போய் அழிக்க வேண்டும் என்றார் கரிபால்டி, மாஜினி தடுத்தார். பிரெஞ்சு மக்களின் மனசாட்சியை நம்பினார். போர்க்கணக்கில் அது பிழை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம்.

பின்னாளில் சூயஸ் கால்வாயை வெட்டிய அதே லெசெப்ஸ்தான் சமாதானம் பேச வந்த தூதர். மே 31 அன்று உடன்பாட்டில் கையெழுத்திட்டார். ஊதினோ அதை ஏற்க மறுத்தார். ஜூன் 4 வரை நகரைத் தாக்குவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூன் 3 விடியுமுன் மதிலுக்கு வெளியே இருந்த மாளிகைகளைத் தாக்கினார். "நகரை" என்றுதானே சொன்னேன் என்பது அவருடைய வாதம். இந்தச் சொற்புரட்டைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவற்றில் ஒன்றான கொர்சினி மாளிகையைத் திரும்பப் பிடிக்க அன்று முழுவதும் இளைஞர்கள் மேட்டில் ஏறி ஏறிச் செத்தார்கள். இன்றைய இத்தாலிய தேசிய கீதத்தை எழுதிய மமேலிக்கு அன்றுதான் காலில் காயம். காலை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. ஜூலை 6 அன்று இறந்தபோது அவருக்கு 21 வயது. உருகுவேயிலிருந்து கரிபால்டியோடு வந்த கறுப்பின வீரர் ஆந்த்ரேயா அகுயார் ஜூன் 30 அன்று ரோம் தெருவில் விழுந்தார். மருத்துவமனைகளை இளவரசி பெல்ஜியோயோசோ நடத்த, அமெரிக்கச் செய்தியாளர் மார்கரெட் ஃபுல்லர் காயம்பட்டவர்களின் அருகில் இருந்தார்.

ஐந்து மாதம்கூடத் தாங்காத அரசு என்று இதை ஒரே வரியில் கடந்துவிடுபவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. எத்தனை நாள் ஆண்டது என்று மட்டும் கேட்கிறீர்களே, குண்டு விழும்போது எப்படி ஆண்டது என்று கேட்டீர்களா? போர் நடக்கிறது, உரிமைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? முற்றுகைக்கு நடுவே பேரவை உட்கார்ந்து அரசமைப்பை வரி வரியாக விவாதித்தது.

ஜூன் 30 அன்று, இனி எதிர்த்து நிற்க முடியாது, ஆனால் நாங்கள் எங்கள் இடத்தை விட்டு எழ மாட்டோம் என்று பேரவை தீர்மானித்தது. ஜூலை 2 மாலை கரிபால்டி சுமார் 4,000 பேரோடு வெளியேறினார். மறுநாள் பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, காபிடோல் குன்றின் மேல் நின்று அந்த அரசமைப்பை மக்களுக்கு வாசித்தார்கள். அரசுக்கென்று தனி மதம் அதில் இல்லை. மரண தண்டனை ஒழிக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு போப் திரும்பி வந்தார். தலை வெட்டும் கருவியான கில்லட்டினும் மீண்டும் வேலையைத் தொடங்கியது.