ஐப்பசி மழைக்கு அங்கே சாட்சி இல்லை
இமயப் பனியாறுகளில் துளையிட்டு எடுக்கும், ஆண்டாண்டாகப் பனி அடுக்கடுக்காகப் படிந்த பனிக்கட்டி உருளைகளே இந்தியப் பருவமழையின் முழுப் பதிவேடு என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை அடித்துச் சொல்கிறது. அந்த 'முழு'தான் இடிக்கிறது. திபெத்தில் 7,200 மீட்டர் உயரத்தில், தாசுவோபு பனியாற்றில் 1997-இல் துளையிட்டு எடுத்த உருளைகளில் 1790-1796 வறட்சி தூசியாகவும் குளோரைடாகவும் பதிந்திருப்பது உண்மை. ஆனால் அங்கே சேரும் பனியில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை விழுவது. கடலூர்க்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2015 நவம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். அந்த மழையை இமயத்தில் எங்கே போய்த் தேடுவது? போதாக்குறைக்கு, பனியிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது கன ஆக்சிஜனுக்கும் லேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தை, கட்டுரையாளர் வெப்பமானி போலவே படிக்கிறார்: கன ஆக்சிஜன் குறைந்தால் குளிர் என்று. பருவமழை பெய்யும் மலைகளில் மழை வலுத்தாலும் கன ஆக்சிஜன் குறையும். குளிரா மழையா என்று பிரிப்பது லேசான காரியமல்ல. பனியே இல்லாத தென்னாட்டு மலைகளுக்கு என்ன வழி என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். வழி இருக்கிறது: நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் தாவரப் படிவு. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு சுகுமார், ரமேஷ் ஆகிய அறிவியலாளர்களின் குழுவினர் 1993-லேயே ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் ஈரத்தையும் வறட்சியையும் கணித்துவிட்டார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.