பேக்போர்ட்ஸை விட்டுவிட்டீர்கள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் நிலையான பதிப்பு (ஸ்டேபிள்) புது லேப்டாப்புக்கு ஆகாது என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அது பாதிதான் உண்மை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் இருப்பது 6.1 கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப்பகுதி). அதற்குப் பிறகு கடைக்கு வந்த வைஃபை சிப், கிராஃபிக்ஸ் கார்டு பலவற்றை அதற்குத் தெரியாது, சரி. ஆனால் புதிய மென்பொருள்களை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்தால், மற்ற மென்பொருள்களை அப்படியே வைத்துக்கொண்டு கெர்னலையும், சிப்புகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேரையும் மட்டும் புதிதாக்கிக்கொள்ளலாமே. இதைக் கட்டுரை சொல்லாதது பெரிய குறை. புதிதாக வருபவர்கள் இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் டெபியனைக் கைவிடுகிறார்கள். அப்புறம், 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்ததால், 12 முதல் நிறுவும் கோப்பிலேயே கட்டற்றதல்லாத (விருப்பம்போல் மாற்றிப் பகிர உரிமை இல்லாத) ஃபர்ம்வேரும் சேர்ந்து வருகிறது. முன்பெல்லாம் அதைத் தேடித் தனியாக பென்டிரைவில் போட வேண்டும்.

எனக்குக் கவலை பழைய கணினிகளைப் பற்றித்தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்குக் கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. பராமரிக்க ஆள் வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டெபியன் 12-இன் நீண்டகால ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) 2028 ஜூனில்தான் முடியும். அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் 13-க்கு மேம்படுத்த முயலாமல் அதுவரை 12-இலேயே இருங்கள்.