பன்னிரண்டாவது ஆள் யாருக்குச் சொந்தம்?
அமெரிக்கக் கால்பந்தில் களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர்; ரசிகர்களுக்கான 'பன்னிரண்டாவது ஆள்' என்ற பட்டப்பெயர் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி உருவாக்கியது, உரிமையும் அவர்களுடையதே என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டுமே தவறு. சீஹாக்ஸ் 12ஆம் எண்ணை வீரர் யாருக்கும் தராமல் ரசிகர்களுக்கென ஒதுக்கியதே 1984இல்தான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கதை 1922 ஜனவரி 2இல் தொடங்குகிறது. டாலஸில் சென்டர் கல்லூரியுடன் ஆட்டம். வீரர்கள் அடுத்தடுத்துக் காயப்பட, மாணவர் கிங் கில் சீருடை மாட்டிக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றார். கடைசிவரை அவரை இறக்கவே இல்லை! (கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் தண்ணீராவது கொண்டுபோவார்.) அவரைப் போலத் தயாராக நிற்கும் ரசிகர்களுக்கே அங்கே அந்தப் பெயர். 1990இல் அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்தது அந்தப் பல்கலைக்கழகம். 2006இல் சீஹாக்ஸ் மேல் வழக்கும் போட்டது; பணம் கட்டி உரிமம் வாங்கித்தான் சீஹாக்ஸ் தொடர முடிந்தது. அப்புறம், சொல்லைப் படைத்தது ஏ அண்ட் எம்மும் இல்லை. 1922க்கு முன்பே வேறு கல்லூரி இதழ்களில் அது அச்சேறியிருக்கிறது.